முத்துச்செல்வம் அளவும் அஃப்ஸல் பாயும்

எங்கள் கடையில் ஓர் ஆளின் பெயரால் விற்கிற சாமான் ஒன்றே ஒன்றுதான். லாஞ்சு எஞ்சினுக்குப் போடும் புஷ்ராடு. "முத்துச்செல்வம் அளவுல பன்னெண்டு கம்பி எடு" என்றால் போதும், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் மறுபேச்சில்லாமல் எடுத்து வைப்பார்கள்.

அந்த முத்துச்செல்வம் எப்போதோ வாழ்ந்து மறைந்தவர் அல்ல. தினமும் எங்கள் கடை வாசலில் நின்று டீ குடிப்பவர். குள்ளமாக, உருண்டையாக, எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் இருப்பார். 'கடல்ராஜா' என்ற விசைப்படகின் உரிமையாளர். இங்கே விசைப்படகை லாஞ்சு என்போம். கடல்ராஜா ராசியான லாஞ்சு. அதற்கு என்ன வண்ணம் அடிக்கிறாரோ அதே வண்ணம் பத்து லாஞ்சுகளில் ஏறும். அவர் எந்தக் கம்பெனி ஐஸ் எடுக்கிறாரோ அந்த வண்டியின் பின்னால் கூட்டம் நிற்கும். சில வருடங்களுக்கு முன் தம் எஞ்சினின் புஷ்ராடுகளைக் கம்பெனி நீளத்தைவிட மூன்று மில்லிமீட்டர் குறைத்து வெட்டிப் போட்டார். அந்த வருடம் அவருக்கு இறால் அள்ளிக் கொடுத்தது. அன்றிலிருந்து துறைமுகத்துக்கே அதுதான் அளவு.

புஷ்ராடு என்பது பெரிய சமாசாரம் இல்லை. எஞ்சினின் அடியில் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு சுழல்கிறது. ஹெட் என்கிற எஞ்சினின் தலையில் வால்வுகள் இருக்கின்றன. கீழே நடக்கும் அசைவை மேலே கொண்டுபோகும் கம்பிதான் புஷ்ராடு. அது ராக்கர் என்ற சிறு நெம்புகோலின் ஒரு முனையைத் தள்ளும். மறுமுனை வால்வை அமுக்கும். ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு கம்பிகள். நீளம் பிசகினால் கம்பி வளையும், தெறிக்கும். நடுக்கடலில் லாஞ்சு நின்றுபோகும்.

இந்த அளவை முதன்முதலாகக் கேள்வி கேட்டவர் அஃப்ஸல் பாய். காயல்பட்டினத்துக்காரர். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவர் பெரிய மனிதர் இல்லை. துறைமுகச் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஜூன் மாதம் எனக்குள் ஏதோ ஒன்றை நிமிர்த்திவிட்டுப் போனது. அது என்னவென்று எழுதிப் பார்த்தால் தெரியும் என்று நினைக்கிறேன்.

அவர் முதல் தடவை கடைக்கு வந்தது தடைக்காலத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை லாஞ்சுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் முட்டையிடும் காலம். அப்போதுதான் எல்லா எஞ்சினும் பிரிக்கப்படும், எங்கள் கடையும் நெரியும். அந்த நெரிசலில் ஒல்லியாக ஒருவர் வந்து, "சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங் மாதிரி லேசா இருக்கிற ஸ்பிரிங் வேணும். அப்புறம் ஒரு கறுப்பு மார்க்கர்" என்றார்.

கடை முதலாளி லிங்கராஜ் அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பாய், மார்க்கருக்கு எதுத்தாப்புல ஸ்டேஷனரி கடை. சைக்கிளுக்கு அடுத்த தெரு. நம்ம கடை என்னத்துக்குன்னு போர்டைப் பாத்துட்டு வந்தீராவே?"

"எல்லாம் எஞ்சின் வேலைக்குத்தான் அண்ணாச்சி."

"மார்க்கர் வச்சு எஞ்சின் வேலையா? பாடம் நடத்தப் போறீரோ?"

கடை சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுப் போனார். "யாருளா செம்பகம் இது?" என்று பில் போட்டுக்கொண்டிருந்த என்னை அண்ணாச்சி கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது. நான் மாப்பிள்ளையூரணியிலிருந்து வரும் மினிபஸ் அவர் பட்டறை முன்தான் நிற்கும். வேலையில்லாமல் சுத்தமாக அடுக்கி வைத்த பட்டறை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் டிகிரி சர்டிபிகேட் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இயற்பியல். அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறார். அந்தப் பட்டத்தை வைத்து என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

அஃப்ஸல் பாய் சார்ஜாவில் பதினைந்து வருடம் இருந்தவர். போகும்போது பஞ்சர் ஒட்டத்தான் போனார். பக்கத்தில் ஒரு கராஜ். பாலைவன மணல்மேட்டில் ஏறிப் பந்தயம் விடும் கார்களை அங்கே மாற்றிக் கட்டுவார்கள். வேறு ஹெட், வேறு கேம் ஷாஃப்ட் என்று எஞ்சினையே புரட்டிப் போடுவார்கள். மாற்றிய எஞ்சினுக்குக் கம்பெனி புஷ்ராடு சேராது. ஒவ்வொன்றுக்கும் புதிதாக அளந்து, அந்த எஞ்சினுக்கென்றே நீளம் கண்டுபிடிக்க வேண்டும். அவசரப்படுகிறவர்களால் அது ஆகாது. அஃப்ஸல் பாய்க்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது என்பதால் அந்த வேலை அவர் கைக்கு வந்தது. வேறு கராஜிலிருந்தெல்லாம் கூப்பிட்டு அனுப்புவார்களாம்.

அங்கே சம்பாதித்த பேர் இங்கே செல்லவில்லை. துறைமுக ஃபிட்டர்கள் அவருக்கு 'ஒட்டக மெக்கானிக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஒட்டகத்துக்கு ஆயில் மாத்துனவருலா, லாஞ்சுக்கு என்ன செய்வாரு?" என்பார்கள். டிசம்பரில் விடுமுறைக்கு வந்தவர், இனி போவதில்லை என்று முடிவு செய்து பட்டறையைத் திறந்தார். மகள் அஃபீஃபா பத்தாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து வாப்பாவை அவள் விடுமுறைகளில் மட்டுமே பார்த்திருக்கிறாள்.

மனைவி ரஹ்மத்துன்னிஸா கறாரானவர். காயல்பட்டினத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். அதை அவர் எப்போதும் கையில் வைத்துக்கொண்டே பேசுவார். பின்னாளில் என்னிடம் அவரே சொன்னது இது: "நான் அவகள்ட்ட தெளிவாச் சொல்லிட்டேன். இருக்கிறதுன்னா வேலையோட இருங்க. வேலை இல்லாத ஆம்பளைய வீட்டுல வச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அவகளும் பகல் பூரா என் அடுப்படிக்கு வந்து மிக்ஸியக் கழட்டுனா நான் என்ன செய்வேன்?"

ஆறு மாதத்துக்குமேல் வெளியே தங்கினால் சார்ஜா விசா செத்துப்போகும். அந்த ஆறு மாதம் தடைக்காலம் முடிந்த முதல் ஞாயிறோடு முடிகிறது. அன்றைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. அதற்குள் துறைமுகம் அவரைத் தேடி வந்தால் டிக்கெட்டைக் கிழிக்கலாம். வராவிட்டால் விமானம் ஏற வேண்டும். கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் இதுதான்.

தேடி வந்த முதல் ஆள் ரோச். தேடி வந்தார் என்றும் சொல்ல முடியாது, இடறி விழுந்தார்.

ரோச் திரேஸ்புரத்துக்காரர். நெட்டையாக, பாய்மரக் கம்பு மாதிரி இருப்பார். 'அமலி' என்ற லாஞ்சுக்கு உரிமையாளரும் அவரே, ஓட்டுகிறவரும் அவரே. தடைக்காலத்துக்கு முந்தைய மாதங்களில் அமலி இரண்டு தடவை நடுக்கடலில் கம்பி தெறித்து நின்று, வேறு லாஞ்சில் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. துறைமுகத்தில் அது பெரிய அவமானம். இரண்டு தடவையும் அவர் எங்கள் கடையில்தான் கம்பி வாங்கினார். மூன்றாம் தடவையும் வந்தார்.

"பன்னெண்டு கம்பி குடு தாயி. முத்துச்செல்வம் அளவு."

அன்றைக்கு ஏதோ நட்டு வாங்க வந்திருந்த அஃப்ஸல் பாய் திரும்பினார். "அண்ணே, உங்க எஞ்சினை யாராவது அளந்து பாத்தாகளா?"

"எஞ்சினை என்னத்துக்குவே அளக்கணும்? மாப்பிள்ளைக்குச் சட்டையா தைக்கப் போறோம்?"

"சட்டைதான் அண்ணே. முத்துச்செல்வம் அண்ணாச்சி சட்டையை நீங்க போட்டுக்கிட்டு நடப்பீங்களா?"

எல்லோரும் ரோச்சின் உயரத்தைப் பார்த்தார்கள். முத்துச்செல்வத்தின் சட்டை அவருக்குத் தொப்புளோடு நின்றுவிடும். ரோச்சுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, கேளும். என்ன தெரியணும் உமக்கு?"

"ஹெட்டுக்கு ஃபேசிங் போட்டிருக்கா?"

"வருசா வருசம் சீவி மட்டம் பண்ணுதோம். உப்புத்தண்ணி தின்னுருதுல்லா."

"கேம் ஷாஃப்ட்?"

"இழுவை பத்தலன்னு கிரைண்டிங் போட்டு ஏத்துனோம்."

"ஹெட்டுக்கு அடியில வைக்கிற கேஸ்கட்?"

"தடிச்ச செம்புத் தகடு."

அஃப்ஸல் பாய் வாங்கிய நட்டை மேஜையில் வைத்துவிட்டு, "இந்தக் கம்பியை வாங்காதீங்க. நான் அளந்து தாரேன். ஓடலன்னா நான் சார்ஜாவுக்கு ஏறிருவேன், உங்க கண்ணுல படவே மாட்டேன்" என்றார்.

லிங்கராஜ் அண்ணாச்சி, "யாவாரத்தக் கெடுக்க வந்தீராவே?" என்று முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது. ரோச் யோசித்தார். இரண்டு தடவை கயிற்றில் வந்தவருக்கு மூன்றாவது தடவை பயமாக இருந்திருக்க வேண்டும். "வாரும்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

அவர் சொன்னதை நான் ஏன் உடனே நம்பினேன் என்று அன்று மாலை முழுக்க என்னையே கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னது சரி என்பதாலா? எல்லோரும் அவரைக் கேலி செய்கிறார்கள், அவரும் என்னைப் போலக் கற்றதற்கேற்ற வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதாலா? பிடித்த ஆள் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. முத்துச்செல்வம் அளவை நம்புகிறவர்களும் அவரைப் பிடித்துப்போய்த்தானே நம்புகிறார்கள்? நேரில் பார்க்காமல் எந்தப் பக்கமும் சாய்வதில்லை என்று தீர்மானித்து, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அமலிக்குப் போனேன்.

லாஞ்சைக் கரையில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். ஏணி சாய்த்திருந்தது. பெண்கள் லாஞ்சில் ஏறுவது இங்கே வழக்கமில்லை. கீழேயே தயங்கி நின்றேன். ரோச் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன தாயி நிக்க? மாதா படம் உள்ளதான் இருக்கு. அவளும் பொம்பளதான. ஏறு."

எஞ்சின் அறை உலை மாதிரி கொதித்தது. டீசலும் பழைய மீனும் கலந்த வாடை. அஃப்ஸல் பாய் முதல் சிலிண்டரைத் திறந்து வைத்திருந்தார். வால்வின் கெட்டியான ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங் போட்டிருந்தார். கையால் எஞ்சினைச் சுற்றும்போது எதுவும் வளையாமல் இருக்க அது. வால்வுத் தண்டின் உச்சியில் மார்க்கரால் கறுப்பு பூசியிருந்தார்.

"இப்பப் பாரும்மா" என்று கடப்பாரையால் எஞ்சினை மெதுவாகச் சுற்றி, ராக்கரைக் கழற்றினார். கறுப்பில் ஒரு வெள்ளிக் கோடு விழுந்திருந்தது. ராக்கரின் மூக்கு தேய்த்த தடம். நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தது. அகலமாகவும் இருந்தது.

"இது ஓரத்துல தள்ளுது. தள்ளத் தள்ள வால்வு சாஞ்சு தேயும்."

"கம்பி நீளத்தை மாத்துனா கோடு நடுவுக்கு வந்துருமா அண்ணே?"

"வராது. சில எஞ்சின்ல வரும். இதுல ராக்கர் ஒரே தண்டுல உக்காந்திருக்கு. கோட்டைச் சரி பண்ணணும்னா அந்தத் தண்டைத் தாங்குற ஸ்டாண்டைத்தான் ஏத்தணும். அதைப் பண்ணாம முதல்ல கம்பியை அளந்தோம்னா அந்த அளவு பொய்."

ஸ்டாண்டுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று வைத்தார். மறுபடி கறுப்பு, மறுபடி சுற்று. கோடு கொஞ்சம் நகர்ந்தது. இன்னொரு தகடு. கல்லூரியில் நான் செய்த எந்தச் சோதனையும் இவ்வளவு நேர்மையாகப் பதில் சொன்னதில்லை. கடைசியில் கோடு நகக்கண் அளவுக்கு ஒடுங்கி, சரியாக நடுவில் வந்து நின்றது.

அதற்குப் பிறகுதான் கம்பி. அவரிடம் தாமே செய்த அளவுக் கம்பி ஒன்று இருந்தது. பழைய புஷ்ராடை இரண்டாக வெட்டி, நடுவில் மரை போட்ட போல்ட் வைத்தது. திருகினால் நீளும், குறையும். அதை உள்ளே இறக்கி, ராக்கரின் முனையில் கம்பியைத் தொடும் டாப்பெட் ஸ்க்ரூ அடியில் இரண்டு மரை மட்டும் தெரியுமாறு வைத்து, டாப்பெட் இடைவெளியும் விட்டு, கம்பியை நீட்டிக்கொண்டே போனார். நீட்டினார், நீட்டினார். ரோச்சின் முகம் மாறியது.

"என்னவே நீட்டிக்கிட்டே போறீரு? ஃபேசிங் போட்டா எஞ்சின் குள்ளமாகும்லா? கம்பியைக் குறைக்கத்தான வேணும்?"

"ஃபேசிங் குள்ளமாக்கும். வாஸ்தவம். ஆனா கேமுக்குக் கிரைண்டிங் போட்டப்போ அதோட அடிவயித்தைச் சீவி எடுத்திருக்காக. கம்பி நிக்கிற இடம் பள்ளமாப் போச்சு. மேல தடிச்ச தகடு வச்சு ஹெட்டைத் தூக்கிட்டீங்க. இப்ப நான் ராக்கரையும் ஏத்திட்டேன். ஒண்ணு குறைக்குது, மூணு கூட்டுது. முத்துச்செல்வம் அண்ணாச்சி கேமைத் தொடவே இல்ல. அவக அளவு அவகளுக்கு."

கம்பியை வெளியே எடுத்து வெர்னியர் அளவுகோலில் வைத்தார். கம்பெனி அளவைவிட இரண்டரை மில்லிமீட்டர் கூடுதல். ரோச் இத்தனை நாளும் போட்டு ஓட்டியது மூன்று மில்லிமீட்டர் குறைந்தது. அந்தப் பள்ளத்தை ஈடுகட்டத்தான் டாப்பெட் ஸ்க்ரூவை முனை வரைக்கும் இறக்கியிருந்தார்கள். நுனிக்காலில் நிற்கிற ஆள் மாதிரி அது தள்ளாடி, கம்பியைத் தெறிக்க விட்டிருக்கிறது.

"கடைசிச் சிலிண்டர்லயும் ஒருவாட்டி பாக்கலாமா அண்ணே?" என்றேன். "வெர்னியரை நான் பிடிக்கேன்."

"அது கேள்வி" என்றார் அஃப்ஸல் பாய். ஆறாவது சிலிண்டரில் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். நான் படித்த அளவு அவர் சொன்னதிலிருந்து மயிரிழைதான் விலகியிருந்தது. அதை டாப்பெட்டே சரிசெய்துகொள்ளும். அப்புறம் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரைப் பிடிக்கிறதா இல்லையா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

அவ்வளவு நீளக் கம்பி கடையில் கிடையாது. ஆனால் பரணில் வேறொரு லாரி எஞ்சினுக்கு யாரோ சொல்லிவிட்டு வாங்காமல் போன செட் ஒன்று கிடந்தது எனக்கு நினைவு வந்தது. விரல் அகலம் நீளம் அதிகம். முனைகளின் குமிழும் கிண்ணமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தோம்; ஒத்துப்போயின. லேத் பட்டறையில் முனையைக் கழற்றி, குழாயை வெட்டி, மறுபடி முனையை அழுத்தி ஏற்ற வேண்டும். லேத்துக்காரர் அளவைக் கேட்டு விழித்தார். "எல்லாவனும் குறைக்கத்தான வாரான், நீரு என்ன கூட்டிக் கேக்கீரு? எழுதினது தப்பா இருக்கும், நல்லாப் பாரும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

பேச்சு பரவிவிட்டது. மறுநாள் காலை டீ கிளாசோடு முத்துச்செல்வம் கடைக்குள்ளேயே வந்தார்.

"என் அளவு தப்புன்னு சொன்னாராமே ஒரு ஆளு?"

அஃப்ஸல் பாய் அங்கேதான் நின்றார். "தப்புன்னு சொல்லல அண்ணாச்சி. உங்க எஞ்சினுக்கு அது சரியாத்தான் இருக்கும். ரோச் அண்ணன் எஞ்சின் வேற."

"எல்லாம் ஒரே கம்பெனி எஞ்சின்தானவே."

"ஒரே ஆஸ்பத்திரில பிறந்தா ஒரே செருப்பா அண்ணாச்சி?"

முத்துச்செல்வம் சிரிக்கவில்லை. "பாப்போம். தொழிலுக்குப் போற அன்னைக்கு என் லாஞ்சு பின்னால ஒரு கயித்தைச் சுருட்டி வச்சுருக்கேன். உங்க அமலிய இழுத்துட்டு வரணும்லா." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லிங்கராஜ் அண்ணாச்சி வாசல் வரை அவர் பின்னாலேயே போய்த் திரும்பினார். "செம்பகம், அவரு நம்ம பெரிய வாடிக்கைளா!" என்றார்.

தடைக்காலத்தின் கடைசி நாள் பங்குச் சாமியார் வந்து லாஞ்சுகளுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அமலியைத் தண்ணீரில் இறக்கி எஞ்சினை ஸ்டார்ட் செய்தார்கள். சுற்று வட்டாரத்திலிருந்த ஃபிட்டர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்தார்கள். எஞ்சின் பிடித்தது. பழைய சடசடப்பு இல்லை. ஆனால் எங்கேயோ ஒரு இடத்தில் 'டக் டக்' என்று ஒரு தட்டல்.

"ஒட்டகம் நொண்டுதுவே!" என்று பக்கத்து லாஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு அலை மாதிரி பரவியது. அஃப்ஸல் பாயின் முகம் சாம்பலாகிவிட்டது. எனக்கும் அதில் பங்கு உண்டு. வெர்னியரைப் படித்தது நானும்தானே?

அவர் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். மூடியைத் திறந்து பன்னிரண்டு டாப்பெட்டையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி ஒன்றில் கண் நின்றது. மற்ற பதினொன்றிலும் ஸ்க்ரூ இரண்டு மரை காட்டியது. அது மட்டும் முழுக்க இறங்கி நுனிக்காலில் நின்றது. கம்பியை உருவினார். வெர்னியர் தேவைப்படவில்லை. கண்ணுக்கே தெரிந்தது: முத்துச்செல்வம் அளவு.

"இதை யாரு போட்டது?"

ரோச் கழுத்திலிருந்த ஜெபமாலையைத் தடவினார். பிறகு தரையைப் பார்த்தார். "நான்தான். பன்னெண்டும் உம்ம அளவு. ஒண்ணாவது ராசிக்கு இருக்கட்டுமேன்னு..." எஞ்சின் தெரிந்தவர் என்பதால் ஸ்க்ரூவை இறக்கி டாப்பெட்டையும் அவரே வைத்திருக்கிறார். "கோவிச்சுக்கிடாதேயும் பாய். எங்கப்பன் காலத்துலேருந்து கடலுக்குப் போறோம். ராசி இல்லாத லாஞ்சுல ஏற எனக்கு நெஞ்சு நடுங்கும்."

அஃப்ஸல் பாய் கத்தவில்லை. கம்பியைத் துணியால் துடைத்தார். சுக்கான் பிடிக்கும் வீல் ஹவுசுக்கு ஏறிப்போய், மாதா படத்துக்குக் கீழே நூல் போட்டு அந்தக் கம்பியைக் கட்டினார். "அண்ணே, ராசி மேல இருக்கட்டும். அதுக்கு அதுதான் இடம். கீழ நான் அளந்தது இருக்கட்டும்."

பன்னிரண்டாவது கம்பி ஏறியது. மறுபடி ஸ்டார்ட். இந்தத் தடவை தட்டல் இல்லை. ரோச் வேகத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். ஒரே சீராக, தையல் மிஷின் மாதிரி ஓடியது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். முதிய ஃபிட்டர் ஒருவர் மட்டும், "ஏலே, சத்தம் நல்லாத்தாம்ல இருக்கு" என்றார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே லாஞ்சுகள் போய்விட்டன. அஃப்ஸல் பாய் பகல் முழுக்க எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது, வேறு டீ வந்தது, அதுவும் ஆறியது. "வே, அடைகாக்கிற கோழி மாதிரி உக்காந்திருக்கீரே. எந்திச்சு நடவும்" என்றார் அண்ணாச்சி. அவரும் பதற்றத்தில்தான் இருந்தார். அன்று ஒரே பில்லை இரண்டு தடவை என்னிடம் கேட்டார்.

வெயில் சாயும்போது துறைமுக வாயில் பக்கம் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். முதலில் வந்த லாஞ்சின் மூக்கு தெரிந்தது. அமலி. தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு, புகை கக்காமல் வந்தது. பின்னால் கொஞ்ச தூரத்தில் கடல்ராஜா. அமலியின் பின்மேட்டில் நின்ற ஆட்கள் எல்லோரும் திரும்பி நின்று, "அண்ணாச்சி, கயிறு வேணுமா? கயிறு!" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். ரோச் வீல் ஹவுசிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, அஃப்ஸல் பாயைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினார். "ஏ, வீலைப் பிடியும்வே!" என்று கரையே அலறியது.

கணவாயும் நகரை மீனும் இறாலும் கூடை கூடையாக இறங்கின. ரோச் குதித்து இறங்கி அஃப்ஸல் பாயை அப்படியே தூக்கிவிட்டார். மீன் செதில் அப்பிய சட்டையோடு அவர், "இறக்குங்கண்ணே, இறக்குங்க" என்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

எல்லாம் முடிந்தது, டிக்கெட் கிழிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை கடையில் கூட்டம். முதலில் நின்றவர் கேட்டார்: "ரோச் அளவுல பன்னெண்டு கம்பி குடும்மா."

அடுத்தவரும் அதையே கேட்டார். அதற்கடுத்தவரும். ஒரே நாளில் முத்துச்செல்வம் போய் ரோச் வந்துவிட்டார். அவர்கள் கேட்டது கம்பியை. அளக்கிறவரை ஒருவரும் கேட்கவில்லை. லிங்கராஜ் அண்ணாச்சி கண்கள் மின்ன, "நூறு செட்டு வெட்டச் சொல்லுதேன்" என்று போனை எடுத்தார்.

"வெட்டாதீங்க அண்ணாச்சி" என்றார் அஃப்ஸல் பாய். "இவுக எஞ்சின்ல அது நீளமா இருக்கும். வால்வு மூடாது. போற வழியிலேயே நிக்கும்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுதீரு?"

"எஞ்சினைத் திறக்கணும். அளக்கணும். அதுக்கப்புறம் கம்பி."

"தொழில் நடக்கும்போது எவன்வே எஞ்சினைத் திறப்பான்?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். கூட்டமும் கரைந்தது. வாரம் முழுக்க அப்படியே. ஜெயித்த பிறகும் பட்டறை காலியாகவே இருந்தது. ரஹ்மத்துன்னிஸா போனில் கேட்டாராம்: "ஊரே உங்க பேச்சா இருக்காமே. யாராச்சும் வேலைக்குக் கூப்புட்டாகளா?" சனிக்கிழமை சாயங்காலம் பட்டறைச் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, "நாளைக்கு நான் வரலன்னா இடத்துக்காரர்ட்ட குடுத்திரும்மா" என்றார்.

அப்போதுதான் முத்துச்செல்வம் உள்ளே வந்தார். கையில் டீ கிளாஸ் இல்லை. கொஞ்ச நேரம் ஃபேன் பெல்ட்டுகளைத் தடவிப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாய், நாளைக்கு ஞாயித்துக்கிழமை. லாஞ்சு போகாது. என் எஞ்சினைத் திறந்து போட்டுருக்கேன். சும்மா... என் அளவு சரிதானான்னு ஒருவாட்டி பாத்துச் சொல்லும்."

அண்ணாச்சி வாயைப் பிளந்தார். அஃப்ஸல் பாய் மேஜையிலிருந்து சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்து பாதித் துறைமுகம் கடல்ராஜாவில் கூடியிருந்தது. நானும் போனேன். கறுப்பு பூசினார், சுற்றினார், கோட்டைப் பார்த்தார். அது நடுவில்தான் இருந்தது, தகடு தேவைப்படவில்லை. அளவுக் கம்பியை இறக்கித் திருகினார். முத்துச்செல்வம் கண்ணை மூடிக்கொண்டார். வெர்னியரைப் பார்த்த அஃப்ஸல் பாய் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கம்பெனி அளவுல மூணு மில்லி குறைவு. அண்ணாச்சி வச்சிருக்கிறது கச்சிதம். இந்த எஞ்சினுக்கு இதைவிட நல்ல அளவு கிடையாது."

முத்துச்செல்வத்துக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. வெள்ளைச் சட்டையோடு எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேலே ஏறி வந்து கரையைப் பார்த்துக் கத்தினார்: "கேட்டீங்களால? என் அளவு கச்சிதம்! மூணு மில்லி! பாய் சொல்லியாச்சு! இந்தத் துறைமுகத்துல அளக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு இவருதான். அளக்காம கம்பி போடுற எவனும் இனிமே என்கிட்ட ராசியப் பத்திப் பேசக்கூடாது!"

அதற்குமேல் யாருக்கு என்ன வேண்டும்? ராசியான லாஞ்சின் சொந்தக்காரர் எஞ்சினைத் திறந்து அளக்கிறார் என்றால் எஞ்சினைத் திறந்து அளப்பதுதான் ராசி. நாங்கள் இறங்குவதற்குள் இரண்டு பேர் அஃப்ஸல் பாயின் கையைப் பிடித்துவிட்டார்கள். "பாய், லீவு நாளு இன்னைக்கு ஒண்ணுதான், இப்பவே வாரும்" என்று பக்கத்து லாஞ்சுக்கு இழுத்துப் போனார்கள். அங்கேயும் எஞ்சின் பிரிந்து கிடந்தது. அதற்கடுத்த லாஞ்சில் ஒருவர் ஹெட்டின் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நான் இப்போதும் பில்தான் போடுகிறேன். அரசு வேலைக்கு எந்தத் தேர்வு எழுதுவது என்றும் இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆனால் யாராவது ஒரு வழியைக் காட்டி எல்லோரும் இதில்தான் போகிறார்கள் என்றால், அது என் எஞ்சினுக்குச் சேருமா என்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. பதில் எப்போதும் கிடைக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஞாயிறு மதியம் பக்கத்து லாஞ்சின் எஞ்சின் அறைக்குள் அஃப்ஸல் பாயின் போன் அடித்தது. கை நிறைய எண்ணெய் என்பதால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். ரஹ்மத்துன்னிஸா. "திருவனந்தபுரத்துக்குக் கார் வந்து வாசல்ல நிக்குது. என்ன சொல்லட்டும்?"

"போகச் சொல்லிரு" என்றார் அவர், வால்விலிருந்து கண்ணை எடுக்காமல். "அஃபீஃபாட்ட சோத்தை மூடி வைக்கச் சொல்லு. வர நேரமாகும். இன்னும் மூணாவது சிலிண்டர்லதான் நிக்கேன்."